தூங்கித் தூங்கி விழிக்கும் புது டேப்லெட்

நம்மில் வயதானவர்களுக்கு டேப்லெட் என்றால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று தண்ணீருடன் விழுங்குகிற சமாச்சாரம். அதைப் பற்றி எழுத டாக்டர்கள் இருக்கிறார்கள். இங்கே சொல்ல வந்தது மற்ற டேப்லெட்டைப் பற்றி. சிலேட்டுப் பலகை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, நியூ ஜெர்சியில் இருக்கும் பேத்தியோடு பேசவும், கும்பகோணத்துக் கல்யாணத்தை இங்கிருந்தே பார்க்கவும், மார்கழிக் கச்சேரி கேட்கவும் பயன்படுகிறதே, அது. கைபேசியின் சின்னத் திரையில் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அது வேறு வகையில் உள்ளே வந்தது. 2020 டிசம்பரில் மேற்கு வங்க அரசு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு டேப்லெட் தருவதாக அறிவித்தது. அத்தனை லட்சம் கருவிகள் ஒரே சமயத்தில் கிடைக்காது என்று தெரிந்ததும், டேப்லெட்டோ ஸ்மார்ட்போனோ வாங்கிக்கொள்ளட்டும் என்று ஆளுக்கு 10,000 ரூபாயை வங்கிக் கணக்கில் போடுவதாக அதே மாதத்தில் மாற்றிச் சொன்னது. 'தருணேர் ஸ்வப்னோ' என்ற பெயரில் நம் பிள்ளைகளும் கேள்விப்பட்ட திட்டம்தான்.

இப்படி ஆசையாக வாங்கிய புதுக் கருவி, பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இருண்டு போகிறது. கம்பெனியின் பெயர் திரையில் மின்னுகிறது. ஒரு நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது போல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. அரைமணி கழித்து மறுபடியும் அதே கூத்து. "நெட் சரியில்லை போலிருக்கு" என்கிறார் ஒருவர். "வைரஸாக இருக்கும்" என்கிறார் இன்னொருவர். மகன் லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பீரோவில் வைத்துவிடுகிறோம். இந்தக் கடைசி முடிவுதான் எல்லாவற்றிலும் மோசமானது.

ஏனென்றால் புதுக் கருவிக்கும் பழைய கருவிக்கும் வித்தியாசம் உண்டு. பழையது கெட்டால் ரிப்பேர் செய்ய வேண்டியது நம் கவலை. புதியது கெட்டால் மாற்றித் தர வேண்டியது விற்றவர் கவலை. ஆனால் அந்தக் கவலைக்குக் கெடு உண்டு. இணையக் கடைகளில் அது பெரும்பாலும் 7 நாள், அதுவும் பொருள் வீட்டு வாசலுக்கு வந்த தேதியிலிருந்து. நம் வீடுகளிலோ பூஜைத் தள்ளுபடியில் வாங்கிய பெட்டியை நல்ல நாள் பார்த்து, விஜயதசமி அன்று பிரிக்கலாம் என்று வைத்திருப்போம். பிரித்து, சார்ஜ் ஏற்றி, பேரன் வந்து வாட்ஸ்அப் போட்டுக் கொடுப்பதற்குள் கெடு தாண்டியிருக்கும். ஆகையால் பெட்டி வந்த அன்றே பிரித்துவிட வேண்டும். நல்ல நேரம் பார்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் அன்றைக்கே ஏதாவது ஒரு நல்ல ஹோரை இல்லாமலா போகும்!

ஆக, தானாக ரீஸ்டார்ட் ஆகிற புது டேப்லெட்டை வைத்துக்கொண்டு நாம் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான். கோளாறு கருவிக்குள் இருக்கிறதா, அல்லது நாம் அதோடு சேர்த்த ஏதோ ஒன்றில் இருக்கிறதா? சேர்த்தது என்றால் சார்ஜர், உறை, மெமரி கார்டு, ஆப் எல்லாம்தான். இதற்கு இன்ஜினீயர் படிப்பு தேவையில்லை. சமையலறையில் ஏதோ கருகும் வாசனை வந்தால் எந்த அடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோமே, அந்தப் பொறுமை போதும்.

முதலில் கருவி ஏன் இப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்கத்தாவில் குடித்தனம் செய்தவர்களுக்கு ஃபியூஸ் கட்டுவது கைவந்த கலை. ஃபியூஸ் போவது ஒரு கோளாறு இல்லை, எங்கோ இருக்கும் கோளாறிலிருந்து வீட்டைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. டேப்லெட்டின் ரீஸ்டார்ட்டும் ஏறக்குறைய அப்படித்தான். ஆண்ட்ராய்டு கருவிகளுக்குள் ஒரு காவற்காரன் இருக்கிறான். பழைய மாளிகைகளில் வாசலில் உட்கார்ந்திருக்கும் தர்வான் போல. உள்ளே முக்கியமான வேலைகளைச் செய்கிற பகுதிகளை அவன் விடாமல் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். சுமார் ஒரு நிமிடம் வரை பதில் வராவிட்டால், ஆள் மயங்கிவிட்டார் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி தொடங்கி வைப்பான். இதல்லாமல், பேட்டரியிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினாலும் கருவி அணைந்துவிடும். சூடு எல்லை மீறினாலும் அப்படியே. ஆக மயக்கம், பட்டினி, சூடு என்று மூன்று காரணங்கள். இவற்றில் எது என்பதைக் கருவியே நமக்குக் காட்டிக்கொடுக்கும், நாம் கவனித்தால்.

கவனிப்பதற்கு ஒரு பழைய டைரியும் பேனாவும் போதும். எப்போது அணைந்தது, அப்போது சார்ஜ் எத்தனை சதவீதம், சார்ஜரில் மாட்டியிருந்ததா, பின்பக்கம் சூடாக இருந்ததா, திரையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவுதான். இரண்டே நாளில் ஐந்தாறு வரி சேர்ந்துவிடும். கடைக்காரரிடம் "அடிக்கடி அணைகிறது" என்று சொல்வதற்கும், "செவ்வாய் மாலை 6.40, 72 சதவீதம், சார்ஜரில் இல்லை, வீடியோ கால்" என்று படித்துக் காட்டுவதற்கும் கிடைக்கிற மரியாதையே வேறு.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஆப் மட்டும் மூடிக்கொண்டு முகப்புத் திரை வந்தால் அது ரீஸ்டார்ட் அல்ல. அந்த ஆப்பின் குறை. உறையின் மூடியில் இருக்கும் காந்தம் பட்டுத் திரை இருண்டாலும் அது ரீஸ்டார்ட் அல்ல. மூடினால் திரை அணையட்டும் என்பதற்காகவே வைத்த காந்தம் அது. கம்பெனிப் பெயர் தோன்றி, பிறகு விரல் ரேகையை ஏற்காமல் பின் நம்பரைத்தான் கேட்கிறது என்றால் அதுதான் முழு ரீஸ்டார்ட். ராத்திரி தூங்கும்போது நடந்ததா என்று காலையில் கண்டுபிடிக்கவும் இதுவே வழி. ஆனால் ராத்திரியில் ஒரு முறை நடந்தால் உடனே கலவரப்பட வேண்டாம். மென்பொருள் புதுப்பித்தலை இரவில் தானாக முடித்துக்கொள்ளும் கருவிகள் உண்டு. தேவைப்பட்டால் தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும்படி செட்டிங்ஸில் ஒரு வசதியையும் சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிட்டால் போயிற்று.

கருவி உள்ளே வரவே விடாமல் கம்பெனிப் பெயரிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது என்றால், அதற்கு மேல் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் என்னென்னவோ வரும் என்று யாராவது சொல்வார்கள். புதுக் கருவியில் அந்தப் பரிசோதனை நம் வேலை இல்லை. பில்லை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

நிற்க. உள்ளே போக முடிகிறது, ஆனால் நடுநடுவே அணைகிறது என்கிற கருவிக்கு வருவோம். நாம் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், மலிவானதிலிருந்து ஆரம்பித்து.

உறையைத்தான் நான் முதலில் கழற்றச் சொல்வேன். கேட்டால் சிரிப்பார்கள். லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாமி, "கச்சேரி கேட்டா மட்டும் அணைஞ்சு போறது, பேப்பர் படிச்சா ஒண்ணும் ஆறதில்லை. சங்கீதம்னா இதுக்கு ஆகாதோ என்னவோ!" என்று சொன்னார். விஷயம் என்னவென்றால், பேப்பர் படிக்கும்போது மடியில் படுக்க வைத்திருப்பார். கச்சேரிக்கு, கரியாஹாட் நடைபாதையில் வாங்கிய ரெக்சின் உறையை மடித்து மேஜையில் நிற்க வைப்பார். நிற்கும்போது பவர் பொத்தான் இருக்கும் விளிம்பு அடிப்பக்கம் வந்துவிடும். கருவியின் எடையே அந்தப் பொத்தானை விடாமல் அழுத்தும். பவர் பொத்தானைச் சில விநாடிகள் தொடர்ந்து அழுத்தினால் கட்டாய ரீஸ்டார்ட் ஆகும்படிதான் பல கருவிகளை அமைத்திருக்கிறார்கள். உறங்கிப்போன கருவியை எழுப்ப வைத்த வசதி அது. உறையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதும் கச்சேரி மங்களம் வரை தடையில்லாமல் நடந்தது. செலவு பூஜ்யம்.

அடுத்தது சார்ஜர். பெட்டியோடு வந்த சார்ஜரும் வயரும் எங்கோ போய், மேஜை இழுப்பறையில் கிடந்த பழைய கைபேசி சார்ஜர்தான் பல வீடுகளில் உபயோகத்தில் இருக்கும். இப்போது பெட்டியில் சார்ஜரே வைக்காமல் விற்கிற நிறுவனங்களும் இருக்கின்றன. அப்போது தெருவோரத்தில் 150 ரூபாய்க்கு ஒன்று வாங்குகிறோம். தரம் குறைந்த சார்ஜரில் மின்சாரம் ஒரே சீராக வராது. தொடுதிரை தானாகத் துள்ளுவது, நாம் தொடாத எழுத்து விழுவது எல்லாம் அதன் அடையாளங்கள். சார்ஜரின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். டேப்லெட்டுக்கும் அதன் அடாப்டருக்கும் இந்தப் பதிவு கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. அந்த எண் உண்மையானதுதானா என்று 'பிஐஎஸ் கேர்' என்ற அரசு ஆப்பில் போட்டுப் பார்க்கலாம். இன்னொன்று, நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் பாதி ஆடிக்கொண்டிருக்கும். சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக இருந்தால் கருவியைக் குறை சொல்வதற்கு முன் வேறு பாயிண்டில் மாட்டிப் பார்ப்பது நல்லது.

இங்கேதான் டைரி உதவும். சார்ஜரில் மாட்டியிருக்கும்போது மட்டும் அணைகிறது என்றால் சார்ஜர், வயர், சூடு ஆகியவற்றின் மேல் சந்தேகம். சார்ஜரில் இருந்தால் ஒழுங்காக ஓடி, பிடுங்கிய பின் 40, 50 சதவீதத்திலேயே அணைகிறது என்றால் பேட்டரியின் மேலோ அதன் இணைப்பின் மேலோ சந்தேகம். பேட்டரி தளர்ந்துவிட்டால், சதவீதம் மிச்சமிருந்தும் வீடியோ கால் போன்ற பெரிய வேலை வந்ததும் அதால் தேவையான மின்சாரத்தைத் தர முடியாது. கருவி அணைந்துவிடும். ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் இதற்காகத்தான் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென்று அணைவதைத் தடுக்க, சொல்லாமல் கொள்ளாமல் அவற்றின் வேகத்தைக் குறைத்திருந்தது. ஆனால் அவை வயதான பேட்டரிகள். வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத டேப்லெட்டில் அப்படி நடந்தால் அது பிறவிக் குறை. நாம் சரிசெய்யக் கூடியதோ, பொறுத்துக்கொள்ள வேண்டியதோ இல்லை. பின்பக்கம் உப்பியிருந்தாலும், திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தாலும் உடனே அணைத்துவிட வேண்டும். சார்ஜ் போடக் கூடாது. படுக்கையில் வைக்கவும் கூடாது.

சூட்டைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டுமா என்ன! ஐபேடைச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை உள்ள இடத்தில்தான் உபயோகிக்க வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. மற்றக் கருவிகளும் இதற்குப் பெரிய விலக்கு இல்லை. கால்பைசாக்கி மழைக்கு ஏங்கிக் கிடக்கும் ஏப்ரல், மே பிற்பகல்களில் கொல்கத்தாவில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடுகிறது. அந்த நேரத்தில் தலையணை மேல் வைத்து, தடித்த உறையோடு, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க, ஒரு மணி நேரம் வீடியோ காலும் பேசினால் எந்தக் கருவிதான் தாங்கும்? உறையை நீக்கி, சார்ஜரைப் பிடுங்கி, மின்விசிறிக்குக் கீழே மேஜையில் வைத்து அதே காலைப் பேசிப் பாருங்கள். அணையவில்லை என்றால் காரணம் தெரிந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே ஈரம் படிந்து இருப்பதும் கெடும்.

மெமரி கார்டு போட்டிருந்தால் அதையும் ஒரு நாள் எடுத்து வைக்க வேண்டும். சந்தையில் முன்னூறு ரூபாய்க்கு 512 ஜிபி என்று விற்பவை பெரும்பாலும் பொய்க் கணக்கு. சிறிய கொள்ளளவைப் பெரியதாகக் காட்டும்படி செய்த கார்டுகள். அதில் எழுத முடியாமல் கருவி திணறும். நம் படங்களும் போகும்.

வெளியில் இருப்பதை எல்லாம் கழற்றியும் அணைகிறது என்றால் ஆப்களைப் பார்க்க வேண்டும். முதலில் கருவியில் இடம் இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். விலை குறைந்த டேப்லெட்டில் 32 ஜிபி என்று போட்டிருந்தாலும் அதில் நல்ல பங்கைக் கருவியின் சொந்த மென்பொருளே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை உறவினர் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்கள் நிரப்பிவிடும். பிறகு வந்திருக்கும் மென்பொருள் புதுப்பித்தலை, சார்ஜ் நிறைய இருக்கும்போது, நடுவில் நிறுத்தாமல் முடித்துவிட வேண்டும். புதுக் கருவிகளில் தொழிற்சாலையில் விட்டுப்போன குறைகளுக்கு மருந்து பல சமயம் அந்த முதல் புதுப்பித்தலில்தான் வரும்.

அதன் பிறகு சேஃப் மோட். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில், கருவியை அணைக்கும் மெனுவை வரவழைத்து, 'பவர் ஆஃப்' என்ற எழுத்தின் மேல் விரலை எடுக்காமல் வைத்திருந்தால் சேஃப் மோட் என்று கேட்கும். சம்மதம் சொன்னால், கம்பெனி கொடுத்த ஆப்கள் மட்டும் ஓடும். நாம் போட்டவை அனைத்தும் கட்டிப்போட்டபடி இருக்கும். ஐபேடில் இந்த வசதி இல்லை. இந்த நிலையில் ஒரு முழு நாள் உபயோகித்துப் பாருங்கள். அணையவே இல்லை என்றால் குற்றவாளி நாம் போட்ட ஆப்களில் ஒன்று. கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். என் சந்தேகம் எப்போதும் முதலில் போவது 'பேட்டரியைக் காப்பாற்றுகிறேன்', 'குப்பையைச் சுத்தம் செய்கிறேன்' என்று விளம்பரத்தோடு வரும் ஆப்களின் மேல்தான். காப்பாற்றுகிறேன் என்று வீட்டுக்குள் வருபவர்களைச் சற்று நிதானித்தே அனுமதிக்க வேண்டும்!

இதில் விசித்திரங்களும் உண்டு. 2020-ல் அமெரிக்காவில் ஒரு ஏரியை அந்தி வெளிச்சத்தில் எடுத்த அழகான புகைப்படம் உலகம் சுற்றியது. அதை முகப்புப் படமாக வைத்த சில ஆண்ட்ராய்டு கைபேசிகள், சாம்சங்கும் கூகுள் பிக்ஸலும் உட்பட, ஓயாமல் அணைந்து அணைந்து எழுந்தன. படத்தில் வைரஸ் எதுவும் இல்லை. அதில் இருந்த வண்ணக் கணக்கு முறை வழக்கமானதில்லை. அதை மாற்றிக் கணக்கிடும்போது ஒரு புள்ளியின் பிரகாசம் 255 என்ற எல்லையைத் தாண்ட, மென்பொருள் திகைத்து விழுந்தது. எழுந்ததும் அதே படத்தைக் காட்ட முயன்று மறுபடி விழுந்தது. படத்தை எடுத்தவருக்கு இதில் ஒரு தவறும் இல்லை, வைத்தவருக்கும் இல்லை. ஆகவே "நான் ஒன்றுமே செய்யவில்லையே" என்று பெரியவர்கள் சொன்னால், வீட்டுப் பிள்ளைகள் நம்ப வேண்டும். உண்மையாகவே ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள்.

சேஃப் மோடிலும் அணைந்தால் வீட்டில் செய்யக்கூடியது இன்னும் ஒன்று பாக்கி. கருவியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோகும் பேக்டரி ரீசெட். இதற்கு முன் நிதானம் வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துபோகும். 2024 அக்டோபரில் சாம்சங்கின் பழைய கேலக்ஸி கைபேசிகள் சில, நிறுவனமே அனுப்பிய ஒரு புதுப்பித்தலால் ஓயாத ரீஸ்டார்ட்டில் மாட்டிக்கொண்டன. பலருக்கு ரீசெட் தவிர வழியில்லாமல் போய்ப் படங்களை இழந்தார்கள். நம்முடையது இன்னும் இடையிடையே விழித்திருக்கும் கருவி. அந்த இடைவெளியில் காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்றிவிடலாம். படங்களைக் கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ நகல் எடுங்கள். வாட்ஸ்அப்பின் பேக்கப்பை எடுங்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான், ஆகையால் அதில் இடம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுக் கருவிதானே, அதில் என்ன இருக்கப்போகிறது என்று எண்ண வேண்டாம். பழைய கைபேசியிலிருந்த பத்து வருடப் படங்களை முதல் நாளே பேரன் இதில் மாற்றிக்கொடுத்துவிட்டுப் பழையதை அழித்திருக்கலாம். தாத்தா போய்விட்டார், அவர் பேசிய வீடியோ இதில் மட்டும்தான் இருக்கிறது என்கிற வீடுகள் உண்டு.

அடுத்த கேள்வி, இந்த டேப்லெட் யாருடைய கணக்கில் இருக்கிறது? பல வீடுகளில் பெங்களூரிலோ சிகாகோவிலோ இருக்கும் மகன் வந்தபோது தன் கூகுள் கணக்கையே போட்டுக் கொடுத்திருப்பான். திருட்டைத் தடுப்பதற்காக 2015-லிருந்து ஆண்ட்ராய்டில் ஒரு பூட்டு இருக்கிறது. முறையாக உள்ளே போய்ச் செய்யாமல் பொத்தான்களை அமுக்கி ரீசெட் செய்தால், முன்பு இருந்த கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். சொல்ல முடியாவிட்டால் கருவி திறக்காது. ஐபேடிலும் இதே மாதிரிப் பூட்டு உண்டு. இங்கே நாம் சர்வீஸ் சென்டர் கவுண்டரில் நிற்கும்போது சிகாகோவில் நடு ராத்திரி. ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாளே கேட்டு, அந்தப் பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். செட்டிங்ஸ் வழியாகவே அந்தக் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்வது இன்னும் நல்லது.

ரீசெட் செய்த பிறகு பழையபடி எல்லா ஆப்களையும் இறக்கிவிடாதீர்கள். ஒன்றுமே போடாமல், உறையும் கார்டும் இல்லாமல், நல்ல சார்ஜரோடு ஒரு நாள் ஓட விடுங்கள். அப்போதும் அணைந்து எழுந்தால் விஷயம் முடிந்தது, கோளாறு கருவிக்குள்தான். எல்ஜி நிறுவனம் தன் ஜி4 கைபேசி விஷயத்தில் 2016 ஜனவரியில் ஒப்புக்கொண்டது இதைத்தான். உள்ளே உதிரிப்பாகங்களுக்கிடையே இணைப்புச் சரியாகப் பிடிக்கவில்லை. எந்த ஆப்பை அழித்தாலும், எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அது சரியாகாது.

விலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்பார்கள். ஓரளவு உண்டு. 2011 அக்டோபர் 5-ஆம் தேதி டில்லியில் அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட்டை நினைவிருக்கும். ஐம்பது டாலருக்கும் குறைந்த விலை, உலகமே திரும்பிப் பார்த்தது. உள்ளே இருந்ததோ 256 எம்பி நினைவகம். சோதனைக்கு வாங்கிய கல்லூரிகளிலிருந்து, அடிக்கடி உறைந்து நிற்கிறது, நினைவகம் போதவில்லை என்றெல்லாம் குறைகள் வந்தன. அடுத்த ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி நம் வங்காளத்துப் பிரணாப் முகர்ஜி, குடியரசுத் தலைவராக, ஆகாஷ்-2-ஐ வெளியிட்டபோது நினைவகம் 512 எம்பி ஆகியிருந்தது. மலிவான கருவியில் வேகம் குறையலாம், படம் மங்கலாம். அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். தானாக அணைவதை மட்டும் மலிவுக்கு ஈடாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. 8,000 ரூபாய்க் கருவியும் அணையாமல் ஓடத்தான் வேண்டும்.

இனி கடைக்குப் போவது. காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் சாந்தினி சௌக்கில் இறங்கலாம். அந்தச் சந்துகளில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குகளின் கைத்திறமைக்கு ஈடில்லை. வாரண்டி முடிந்த பழைய கருவியை நம்பி அவர்களிடம் கொடுக்கலாம். ஆனால் புதுக் கருவியை அங்கே கொண்டுபோய்த் திறக்கக் கூடாது. ஒருமுறை வெளியாள் திறந்துவிட்டால், பிறகு எது கெட்டாலும் அவர் தலையில் போட்டுக் கம்பெனி நழுவிவிடும். வாங்கிய கடை, அல்லது கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர், இரண்டில் ஒன்றுதான்.

கவுண்டரில் வைத்ததும் கருவி சமர்த்தாக ஓடும். பல்வலிக்காரருக்கு டாக்டர் வீட்டு வாசலில் வலி நின்றுபோவது போல! "கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதற்காகவே, வீட்டில் அணைந்து எழும்போது இன்னொரு கைபேசியில் வீடியோ எடுத்து வைத்திருக்க வேண்டும். கருவியை ஒப்படைக்கும்போது கொடுக்கிற ஜாப் ஷீட்டில் "ஹேங்" என்று ஒற்றை வார்த்தை எழுதினால் விடாதீர்கள். "பார் பார் நிஜே நிஜே ரீஸ்டார்ட் ஹொச்சே, லிகே தின், தாதா" என்று நாம் அறிந்த வங்காளத்தில் கேட்டால் எழுதித்தான் கொடுப்பார்கள். ரீசெட் செய்தும் அணைகிறது என்பதும், தேதியும், சீரியல் நம்பரும், திரையில் கீறல் இல்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது முறை அதே குறைக்குப் போக நேர்ந்தால் முதல் ஷீட்டுத்தான் நம் சாட்சி.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி வரும் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா நிறுவனங்களும் வேறு நாட்டில் வாங்கியதற்கு இங்கே வாரண்டி தருவதில்லை. அன்போடு கொண்டு வருவதற்கு முன், அங்கேயே பெட்டியைப் பிரித்து நான்கு நாள் ஓட்டிப் பார்த்துக் கொண்டு வரச் சொல்லலாம்.

கடையும் கம்பெனியும் ஒருவரை ஒருவர் கைகாட்டினால் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் வருடத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது, நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வாழ்பவர்களுக்கு ஒரு நல்லது செய்திருக்கிறது. பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், நாம் வசிக்கிற இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னை தி.நகரில் வாங்கி வந்த டேப்லெட்டுக்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம். 5 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. குறை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே தமிழிலும் பேசலாம், வங்காளத்திலும் பேசலாம். பில், சீரியல் நம்பர், ஜாப் ஷீட், டைரி நான்கையும் முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சுருக்கமாக முடியும்.

மாற்றுக் கருவி கிடைத்தால் அதற்கும் அந்தக் கெடு உண்டா, எத்தனை நாள் என்று அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வந்ததும் முதல் இரண்டு நாள் வெறுமனே ஓட விடுங்கள். மூன்றாம் நாள் வாட்ஸ்அப், பிறகு ஒரு நாள் விட்டு ஒன்றாக மற்றவை. அந்த ரெக்சின் உறையைக் கடைசியில் மாட்டலாம், பவர் பொத்தான் மேல்பக்கம் வரும்படி.